ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப்: காசை மவுண்டில் போடுங்கள்

வணக்கம். கோத்தகிரியிலிருந்து பேசுகிறேன். ஸ்கோப், அதாவது துப்பாக்கிமேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை எக்ஸ், அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுவது வாங்கலாம்?" என்றுதான். நம் ஊர் மூடுபனியில் பன்னிரண்டு எக்ஸ் வைத்துப் பார்த்தால் பனிதான் பெரிதாகத் தெரியும். 10 முதல் 25 மீட்டரில் பேப்பர் டார்கெட் சுட நாலு எக்ஸ் தாராளம்.

கவனிக்க வேண்டியது பேரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறியும் இடம் மாறித் தெரிவது. பெரிய துப்பாக்கி ஸ்கோப்புகளை வழக்கமாக 100 கெஜத் தூரத்தில் இது வராதபடி செட் செய்திருப்பார்கள். 10 மீட்டரில் படம் மங்கும், கண் லேசாக நகர்ந்தாலே கிராஸ்ஹேரும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடுகள்) நகரும். 10 மீட்டர் வரை ஃபோகஸ் இறங்குகிற ஸ்கோப்பாகப் பாருங்கள்.

[காட்சி: பேரலை மடக்கி ஒரே ஒரு பெல்லட் போடுவது]

நம் கையில் இருப்பது ஸ்பிரிங் ரைஃபிள். ட்ரிகரை அழுத்தியதும் பிஸ்டன் முன்னே பாயும், துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் போய் நின்றதும் துப்பாக்கி முன்பக்கம் வெட்டி இழுக்கும். இந்த இரண்டாவது உதைதான் வில்லன். சாதாரண ஸ்கோப் இதைத் தாங்காது. ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுண்ட் இளப்பமாக இருந்தால், துப்பாக்கியின் மேலே மவுண்டைக் கவ்வும் பள்ளமான ரெயிலில் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வரும். அதனால் ஒரே துண்டாக வரும் மவுண்டை வாங்குங்கள். அடியில், வழுக்காமல் தடுக்கும் சிறு ஆணியான ஸ்டாப் பின் இருக்க வேண்டும். ரெயிலின் பின்பக்கம் ஒரு குழி இருக்கும், அந்த ஸ்டாப் பின் அதில் உட்காரணும். ரெயில் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள், பெரும்பாலும் 11 மி.மீ.தான்.

சரி, மாட்டலாம். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் மவுண்ட் வளையங்களை லூசாக வைத்து, கண்ணை மூடி, கன்னத்தைக் கட்டையில் சாய்த்துக் கண்ணைத் திறங்கள். ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் முழு வட்டம் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அப்புறம் வாசலில் கொத்தனார் தூக்குக் குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, ரைஃபிளைச் சாயாமல் பிடித்து, நூலோடு கிராஸ்ஹேரின் செங்குத்துக் கோட்டைப் பொருத்துங்கள்.

[காட்சி: ஆலன் கீ, அருகில்]

ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். வளையத்தின் இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கணும். முரட்டுத்தனம் காட்டினால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.

ஜீரோ செய்யும்போது, அதாவது குறியும் பெல்லட் படும் இடமும் ஒன்றாகும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யும்போது, டார்கெட்டுக்குப் பின்னால் மண்மேடு கட்டாயம். தேயிலைச் சரிவை நோக்கிச் சுட்டால் கீழ்ப்பாதையில் யார் வருகிறார்கள் என்று தெரியாது. குரங்கு விரட்டத்தான் ஸ்கோப் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.

ரைஃபிளைக் கெட்டியான இடத்தில் வைக்காதீர்கள், துள்ளும். திறந்த உள்ளங்கையில் தளர்வாகத் தாங்கி ஐந்து பெல்லட் சுட்டு, டார்கெட்டில் விழுந்த ஓட்டைக் கூட்டத்தின் நடுவைப் பாருங்கள். கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில், திருகும் குமிழின் ஒரு கிளிக் 10 மீட்டரில் முக்கால் மி.மீ.கூட நகர்த்தாது. ஒரு செ.மீ.க்குப் பதினான்கு கிளிக் போகும், பயப்படாமல் திருப்புங்கள்.

கடைசியாக, மவுண்ட் ஓரத்தில் ரெயில்மேல் பென்சிலால் ஒரு கோடு கிழியுங்கள். ஐம்பது பெல்லட்டுக்குப் பிறகு கோட்டுக்கும் மவுண்டுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால், ஸ்டாப் பின் குழியில் உட்காரவில்லை. கழற்றி மறுபடி மாட்டுங்கள்.