படியை எண்ணுகிறவன்

வணக்கம். இந்த மேடைக்கு ஐந்து படி. கீழேயே மைக் தந்துவிடுகிறோம் என்றார்கள், சரி என்றேன். இருபது வருடம் முன்பென்றால் ரோஷத்தில் ஏறிக் காட்டியிருப்பேன்.

ஒன்றரை வயதில் போலியோ. காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் வலது கால் துவண்டுவிட்டதாம். காலிபர் என்கிற கால்தாங்கி கிடைக்கும்வரை கையைத் தொடையில் ஊன்றி ஊன்றித்தான் நடை. என் டவுசர் எல்லாமே அந்த ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, நைந்து வெளுத்திருக்கும். துவைக்கும்போது அம்மா அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள் என்று அக்கா ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள்.

அப்புறம் காலிபர். இரும்பு, தோல் பட்டை, வேர்வை நாற்றம். எழுந்தால் முட்டியில் லாக் 'டக்'கென்று விழும், மொத்த வகுப்பும் திரும்பும்.

எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தெரிவது படிதான். கல்யாண மண்டபத்தில் பந்தி மாடியிலா என்று நீங்கள் பசியில் கேட்பீர்கள், நான் கேட்பது வேறு கணக்கு. சாய்தளம் என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஓர் அலுவலகத்தில் மூன்றடி உயரத்துக்கு ஆறடியில் சறுக்குமரம் மாதிரி கட்டி, உச்சியில் பூந்தொட்டியும் வைத்திருந்தார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, பூந்தொட்டி எதில் சேர்த்தி என்று சொல்லவில்லை.

நாற்பத்தைந்துக்கு மேல் நல்ல காலும் தளர ஆரம்பித்தது. போலியோவில் தப்பிய நரம்புகள் இத்தனை வருடம் செத்த நரம்புகளின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக் களைத்துப்போகின்றன. போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்கிறார்கள். இயற்கையாகப் பரவும் போலியோ இந்தியாவில் கடைசியாக வந்தது 2011 ஜனவரியில், ஹவுராவில் ஒரு குழந்தைக்கு. அதனால் இளம் டாக்டர்களுக்கு எங்களைப் பார்த்துப் பழக்கமில்லை, சந்தோஷமான கஷ்டம்தான்.

சக்கர நாற்காலி வாங்கச் சொல்லியும் இரண்டு வருடம் வாங்கவில்லை. உட்கார்ந்தால் தோற்றமாதிரி ஒரு நினைப்பு. வாங்கிய முதல் வாரம் மகள் தள்ளிக்கொண்டு போகிறாள், எங்கள் தெருமுனை வீட்டு மொட்டைமாடியில் ஒரு புறாக்கூண்டு. புதுசா என்றேன். நான் பிறந்ததிலிருந்து இருக்கு என்றாள். எங்கே வழுக்கும், எங்கே கல் என்று தரையை மட்டுமே பார்த்து நடந்தவன் நான், நிமிர்ந்து பார்த்ததே இல்லை!

கடலும் அப்படித்தான். மணலில் காலிபர் புதையும், அதனால் மெரினாவைச் சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. 2022-ல் மரப்பாதை போட்டார்கள், சில நாளிலேயே புயலில் உடைந்தது, மறுபடி சரிசெய்தார்கள். அதற்கப்புறம்தான் போனேன். பாதை முடியுமிடத்தில் இன்னொரு சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி. "தம்பி, பிரேக்கைப் போடுங்க, காத்து தள்ளுது" என்றார். போட்டேன். அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை, வாங்கி வந்த பஜ்ஜி மடியிலேயே ஆறிப்போயிற்று.