சான் பிரான்சிஸ்கோ எம்புட்டு தூரம்? பூ கட்டும் நூலால் அளந்தோம்

எல்லாருக்கும் வணக்கம், காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் தெரிவது எங்கள் வீட்டு முற்றம், தூணோரமாகப் பூ கட்டுவது அப்பத்தா. தம்பி போன வாரம்தான் சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானம் ஏறினான். "சின்னவன் எம்புட்டு தூரம்டா போயிருக்கான்?" என்று காலையில் கேட்டார். அவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும்.

முதலில் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஸ்கேலை வைத்தேன், அது பசிபிக் கடல் வழியாக நேராகப் போகிறது. இது தப்பு. உருண்டையைத் தட்டையாக விரித்த படத்தில் நேர்கோடு குறுக்குவழி ஆகாது.

அதனால் இந்த உலக உருண்டை, குறுக்களவு 30 செ.மீ. அப்பத்தாவின் பூ நூலை நிலநடுக்கோட்டில் சுற்றினால் 94 செ.மீ. வருகிறது, நிஜத்தில் அது 40,075 கி.மீ., ஆக ஒரு செ.மீ.க்குச் சுமார் 425 கி.மீ. இப்போது கிட்டத்தில் பாருங்கள், ஒரு முனையைச் சென்னையில் விரலால் அழுத்தி, மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து மெதுவாக இழுக்கிறேன், நூல் தானாகவே வழுக்கி வடக்கே ஏறுகிறது! பீகார், இமயமலை, திபெத், பைக்கால் ஏரியின் தென்முனை, சைபீரியா, பெரிங் நீரிணை, அலாஸ்காவின் ஆங்கரேஜ், அப்புறம் கீழே கலிபோர்னியா. நகத்தால் குறித்து ஸ்கேலில் வைத்தால் 33 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்ட 14,000 கி.மீ.

கணக்கிலும் பார்த்துவிட்டேன். சென்னை 13 பாகை வடக்கு, 80.2 கிழக்கு, அந்த ஊர் 37.6 வடக்கு, 122.4 மேற்கு. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் கூட்ட வேண்டும், இங்கேதான் பலர் கழித்துவிடுகிறார்கள். 202.6 வரும், 180-ஐத் தாண்டுவதால் 360-லிருந்து கழித்தால் 157.4. சைன், கொசைன் சூத்திரத்தில் போட்டால், பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள கோணம் 125.1 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், அதாவது 111 கி.மீ. சொச்சம், பெருக்கினால் 13,900. நூல் சொன்னதும் அதேதான்.

ஆனால் தம்பி போனது துபாய் வழி. சென்னை–துபாய் 2,900, அங்கிருந்து 13,000, மொத்தம் 15,900 கி.மீ. குறுக்குவழியைவிட 2,000 கூடுதல். நூல் போன பாதையிலும் ஒரு சிக்கல் உண்டு: விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும், திபெத்தில் தரையே அதைவிட உயரம். அதனால் பெரும்பாலான விமானங்கள் அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்கின்றன.

அப்பத்தாவிடம் பதினாறாயிரம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்க பாட்டையா ரங்கூனுக்குக் கப்பல்ல போனாகளே, அது எம்புட்டு?" என்றார். நூலை வைத்தேன். நாலு செ.மீ. சொச்சம்தான், 1,770 கி.மீ. அவர் விரலை அந்த நாலு செ.மீ. மேலேயே வைத்துக்கொண்டிருக்கிறார், பாருங்கள்.