அம்மாவின் தொடரும் பாம்ப் ஷெல்டர் கதவும்

வணக்கம், வணக்கம். பின்னால் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்கும், அதை நிறுத்தினால் நான் வெந்துவிடுவேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சமையலும் கிடையாது, ஜொகூர் போன கதையும் கிடையாது. கையில் வைத்திருக்கிறேனே, இந்தக் குட்டி ஸ்டிக், டிவிக்குப் பின்னால் செருகிப் படம் பார்ப்போமே, அதுதான். மூன்று வாரமாக என் உயிரை வாங்கிவிட்டது. என்ன கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன், கடைசியில் பார்த்தால் தப்பு அதன் மேல் இல்லவே இல்லை.

நடந்தது இதுதான். வீடு சிங்கப்பூரில், பாசிர் ரிஸில், புது புளோக், வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு ராத்திரியில் தொடர் பார்க்க வேண்டும். பகலெல்லாம் ஸ்டிக் ஒழுங்காக ஓடும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு அம்மா சோபாவில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் படம் நின்று ஒரு வட்டம் சுற்றும், அப்புறம் நெட்வொர்க் இல்லை என்று எழுத்து வரும். "பாப்பா, மறுபடியும் போச்சு!" நான் எழுந்து போய் ரவுட்டரை அணைத்துப் போடுவேன், வந்துவிடும். மறுநாள் அதே நேரம், அதே கூப்பாடு.

முதல் வாரம் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ரீஸ்டார்ட். வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி பாஸ்வேர்ட் போட்டேன். அப்டேட் போட்டேன். கடைசியில் ஃபேக்டரி ரீசெட் வரைக்கும் போனேன், எல்லா ஆப்பிலும் மறுபடி உள்ளே நுழைய வேண்டியிருந்தது, அம்மா பாதி பார்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே நின்றது என்று தெரியாமல் போனதற்கு எனக்குத் தனியாகத் திட்டு. ரீசெட்டை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். அது ஸ்டிக்கைத்தான் சுத்தம் செய்யும், உங்கள் வீட்டுச் சுவரை என்ன செய்யும்?

இரண்டாவது வாரம்தான் புத்தி வந்தது. டிவி பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். "போனால் மணி எழுதுங்கள், திரையில் என்ன வந்தது என்றும் எழுதுங்கள்" என்று அம்மாவிடம் சொன்னேன். சிரிக்காதீர்கள், நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். ஏனென்றால் "கனெக்‌ஷன் போச்சு" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது மூன்று வேறு வேறு நோய். ஸ்டிக்கின் லோகோ வந்து முதலிலிருந்து தொடங்கினால் அது வைஃபையே இல்லை, மின்சாரம் பற்றவில்லை. லோகோ வராமல் வைஃபையோடு சேரவே முடியவில்லை என்றால் அது ஸ்டிக்குக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் காற்றுப் பிரச்சினை. வைஃபையில் சேர்ந்துதான் இருக்கிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்றால் ரவுட்டரைத் தாண்டி லைன் பக்கம் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு கடைக்குப் போனால் கடைக்காரர் எதையாவது விற்றுவிடுவார், அவ்வளவுதான்.

அம்மா நோட்டில் எழுதியதைப் பார்த்தால் முதலில் இரண்டு நாள் லோகோ வந்திருக்கிறது. அது நான் செய்த சோம்பேறித்தனம். ஸ்டிக்கோடு ஒரு அடாப்டர் கொடுத்திருந்தார்கள், பிளக் பாயின்ட் போதவில்லை என்று டிவியின் யூஎஸ்பி ஓட்டையிலேயே வயரைச் செருகிவிட்டிருந்தேன். நிறைய டிவிகளில் அந்த யூஎஸ்பி அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக் ஒரு ஆம்பியர் வரைக்கும் கேட்கும். சும்மா இருக்கும்போது ஓடிவிடும், 4கே படம் ஓடி வைஃபையும் முழு மூச்சாக வேலை செய்யும்போது மூச்சு வாங்கி விழும். அடாப்டரைச் சுவரில் போட்டேன், லோகோ வருவது நின்றது. கூடவே பெட்டிக்குள் ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் கிடந்தது, நீங்கள் தூக்கிப் போட்டிருப்பீர்கள், நானும் போட இருந்தேன். டிவியின் முதுகு முழுக்க உலோகம், அதோடு ஒட்டிக்கொண்டு கிடந்தால் ஸ்டிக்குக்குக் காது அடைத்த மாதிரி. அந்த வயரால் அதை ஓரத்துக்கு இழுத்துவிட்டால் சிக்னல் கொஞ்சம் தேறும்.

சரி, அது முடிந்தது. மிச்சம் இருந்தது எட்டே முக்கால், எட்டு ஐம்பது, எட்டு நாற்பது. எல்லா நாளும் அந்த அரை மணி நேரத்துக்குள்தான். லோகோ இல்லை, வைஃபையே இல்லை என்றுதான் எழுத்து.

ராத்திரி நேரம் என்றதும் நான் பக்கத்து வீட்டுக்காரர்கள் மேல்தான் சந்தேகப்பட்டேன். புளோக்கில் எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பார்கள், எல்லா வீட்டிலும் ரவுட்டர். போனில் வைஃபை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் ஹாலில் நின்ற இடத்திலேயே முப்பதுக்கு மேல் பெயர்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிக்னல் எவ்வளவு என்று ஒரு எண்ணும். (ஐஃபோன்காரர்கள் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டியைப் போட்டு, செட்டிங்ஸில் போய் அதன் வைஃபை ஸ்கேனரை இயக்கிவிட்டால் இதே எண்ணெல்லாம் தெரியும்.) வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள், அதாவது ரவுட்டர் பேசும் பாதைகள், 1, 6, 11 என்று மூன்றுதான், முப்பது ரவுட்டர் அந்த மூன்றில் நெருக்கி உட்கார்ந்தால் எப்படி இருக்கும், தேக்கா சந்தையில் ஞாயிற்றுக்கிழமை மாதிரிதான். இதிலேயே இன்னொரு கூத்து, இங்கே 13-ஆவது சேனல் வரைக்கும் அனுமதி உண்டு, அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைக்கும்தான், அதனால் அங்கே விற்ற ஸ்டிக்கை யாராவது கொண்டுவந்து கொடுத்து, உங்கள் ரவுட்டரும் தானாக 13-க்குப் போயிருந்தால், ஸ்டிக் உங்கள் வைஃபையைக் கண்ணாலேயே பார்க்காது. பெயரே பட்டியலில் வராது. என் தோழி ஒருத்தி அப்படித்தான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

ஆனால் என் ஸ்டிக் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில்தான் இருந்தது, அங்கே கூட்டம் குறைவு. அப்புறம் இன்னொரு கேள்வி, போன்களுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? அதே ஹால், அதே நேரம், நான் பாட்டுக்கு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேனே. இதற்கு விடை கிடைத்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. வைஃபை போனதும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. டேட்டாவை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன், என் போனும் ஸ்டிக்கோடு சேர்ந்து விழுந்தது. பாவம் ஸ்டிக், அதற்கு சிம் கார்டு இல்லை, அதனால் அது மட்டும் மாட்டிக்கொண்டது.

அன்றைக்கு ராத்திரி போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைனஸ் 58. வைஃபை அளவு மைனஸில்தான் வரும், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, மைனஸ் 67 வரைக்கும் வீடியோவுக்குக் கவலை இல்லை, 80-ஐத் தொட்டால் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எட்டு நாற்பத்தைந்து. அம்மா சமையலறையைத் துடைத்து முடித்தார், துணி உலர்த்தும் ஸ்டாண்டை மடக்கினார், துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு பாம்ப் ஷெல்டருக்குள் வைத்துவிட்டு, கதவை இழுத்து, "டம்"மென்று மூடினார். மைனஸ் 81.

ஆமாம். ரவுட்டர் அதற்குள்தான் இருந்தது.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், இங்கே 1998-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி புதுசாகக் கட்டும் வீடுகளில் ஒரு பாதுகாப்பு அறை இருக்க வேண்டும், சுற்றிலும் கனமான கம்பி கட்டிய கான்கிரீட், எஃகுக் கதவு. சண்டை வந்தால் ஒளிந்துகொள்ள. சண்டை இல்லாத நாளில் அது எல்லா வீட்டிலும் ஸ்டோர் ரூம்தான், அரிசி மூட்டை, பயணப் பெட்டி, தீபாவளி விளக்கு எல்லாம் அங்கே. எங்கள் வீட்டில் ஃபைபர் வந்து முடிகிற பெட்டியும் அதற்குள் இருக்கிறது, இணையம் போட வந்தவர் அங்கேயே ரவுட்டரையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். குண்டையே தடுக்கக் கட்டிய அறைக்குள் ரேடியோ அலையை அடைத்துவைத்தால் அது எப்படி வெளியே வரும்? மைனஸ் 58-க்கும் 81-க்கும் 23 வித்தியாசம், கேட்கச் சின்ன எண், ஆனால் இந்தக் கணக்கில் ஒவ்வொரு பத்துக்கும் பத்து மடங்கு, ஆக ஹாலுக்கு வந்துகொண்டிருந்த சக்தியில் இருநூறில் ஒரு பங்குதான் மிச்சம். பகலில் நாங்கள் போவதும் வருவதுமாக அந்தக் கதவு திறந்தே கிடக்கும். ராத்திரி படுக்கப் போகும் முன் கரப்பான் வரும் என்று அம்மா மூடிவிடுவார். நான் ரவுட்டரை அணைத்துப் போடுவதற்குக் கதவைத் திறப்பேன், போட்டுவிட்டு அப்படியே திறந்து வைத்துவிட்டு வருவேன், வேலை செய்யும், ரீஸ்டார்ட்தான் சரிசெய்தது என்று நினைத்துக்கொள்வேன். மூன்று வாரம்!

"அப்போதே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, நான்தான் மூடினேன் என்று" என்கிறார் அம்மா. நோட்டில் அதை எழுதச் சொல்லவில்லையாம்.

கதவைத் திறந்தே வைத்தால் போதுமே என்று கேட்பீர்கள், கரப்பானுக்கு யார் பதில் சொல்வது? சுவரில் ஓட்டை போட்டு வயர் இழுக்கலாம் என்று என் தம்பி டிரில்லிங் மெஷினோடு கிளம்பினான், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்த அறையின் சுவர், கதவு விஷயத்தில் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் இருக்கின்றன, கதவைக் கழற்றுவது மாற்றுவதெல்லாம் கூடவே கூடாது. வழி வேறு இடத்தில் இருந்தது, அதுவும் இரண்டு வருஷமாக என் கண் முன்னாலேயே. இதோ, கேமராவைத் திருப்புகிறேன், டிவிக்குக் கீழே பிளக் பாயின்டுக்குப் பக்கத்தில் டெலிபோன் ஓட்டை மாதிரி ஒன்று இருக்கிறதல்லவா, அது லேன் பாயின்ட், வயர் வழியாக நெட்வொர்க் வரும் ஓட்டை. புது வீடுகளில் ஹாலிலும் அறைகளிலும் போட்டே கொடுத்திருக்கிறார்கள், அதன் மறுமுனை எங்கள் வீட்டில் ஷெல்டருக்குள் ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கிறது. ஃபைபரிலிருந்து மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டியை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு குட்டி வயரை "லிவிங்" என்று எழுதியிருந்த ஓட்டையில் செருகினேன். ரவுட்டரை ஹாலுக்குக் கொண்டுவந்து இந்த லேன் பாயின்டில் மாட்டினேன். அவ்வளவுதான். எட்டு வெள்ளி வயர், பத்து நிமிஷ வேலை. இப்போது டிவி பக்கத்தில் மைனஸ் 40.

ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள், டிவி கேபினெட்டுக்குள் வைத்து மூடவும் வேண்டாம். அசிங்கமாக இருக்கிறது என்று அம்மா முதல் நாளே மேலே ஒரு பூவேலைத் துணியைப் போட்டுவிட்டார், சூடாகும் என்று எடுத்துவிட்டேன், மறுபடி போட்டார், மறுபடி எடுத்தேன், அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், அடுத்த வாரமே இரண்டு தடவை போனது. ஒரு தடவை காலையில், ஒரு தடவை மத்தியானம், கதவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த முறை ரவுட்டரின் லாக்கை, அதாவது என்ன நடந்தது என்று அதுவே எழுதிவைக்கும் குறிப்பை, திறந்து பார்த்தேன், இரண்டு நேரத்துக்கும் நேராக "ராடார்" என்று ஒரு வரி. எனக்கு உண்மையிலேயே புல்லரித்துவிட்டது. விஷயம் என்னவென்றால் 5 கிகாஹெர்ட்ஸில் 52-இலிருந்து 144 வரைக்கும் இருக்கும் சேனல்களில் ராடார்களுக்குத்தான் முன்னுரிமை, ரவுட்டர் அங்கே விருந்தாளி. ராடார் மாதிரி ஒரு துடிப்பு காதில் விழுந்தால் உடனே எழுந்து போய்விட வேண்டும், வேறு சேனலுக்குப் போனாலும் அதுவும் இதே வகைச் சேனலாக இருந்தால் குறைந்தது ஒரு நிமிஷம் சும்மா கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில் ஸ்டிக் கைவிட்டுவிடும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சாங்கி விமான நிலையம். அங்கிருந்து வந்ததுதானா, இல்லை ரவுட்டரே வேறு எதையோ ராடார் என்று பயந்துகொண்டதா, அப்படியும் நடக்கும், நான் அடித்துச் சொல்ல மாட்டேன். செய்ய வேண்டியது ஒன்றுதான். ரவுட்டர் செட்டிங்ஸில் சேனல் "ஆட்டோ" என்று இருப்பதை எடுத்துவிட்டு 36, 40, 44, 48 இதில் ஒன்றைக் கையால் போடுங்கள். சேனல் அகலம் 160 என்று இருந்தால் 80-க்குக் குறையுங்கள், 160 என்றால் 36-இல் தொடங்கினாலும் 52-ஐத் தாண்டி 64 வரைக்கும் கையை நீட்டிக்கொண்டுதான் உட்காரும். வேகம் குறையுமே என்று கவலைப்பட வேண்டாம், 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் இருந்தாலே போதும், நாம் வீட்டில் கிகாபிட் கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டு இருக்கிறோம். நான் 44 போட்டேன். இன்றைக்குப் பதினோராவது நாள், நோட்டில் ஒரு வரியும் இல்லை.

பழைய வீட்டில் இருப்பவர்கள், லேன் பாயின்ட் இல்லாதவர்கள், எனக்கு எழுதுங்கள், என்ன நேரத்தில் போகிறது, லோகோ வருகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், "வேலை செய்யவில்லை அக்கா" என்று மட்டும் எழுதினால் நான் என்ன சொல்வது? வழி இருக்கிறது, ஸ்டிக்குக்கே லேன் வயர் மாட்டும் அடாப்டர் வரும், அதைப் போட்டால் வைஃபையே தேவையில்லை. மெஷ், அதாவது வீட்டில் அங்கங்கே வைத்து ஒன்றோடு ஒன்று பேசவிடும் வைஃபை பெட்டிகள், வாங்குவதாக இருந்தால் அவற்றில் ஒன்றை ஷெல்டருக்குள் வைத்துவிட்டு மற்றதைச் சுவருக்கு வெளியே வைத்து அதோடு பேசச் சொல்லாதீர்கள், இப்போதுதானே இவ்வளவு நேரம் பேசினேன்.

சரி, கடைசியாக ஒன்று, நேரலையாகவே காட்டிவிடுகிறேன். இதோ போனில் எண், மைனஸ் 41. டிவியில் அம்மாவின் தொடர் ஓடுகிறது. நான் போய்க் கதவை மூடுகிறேன். சத்தம் கேட்டதா? இங்கே பாருங்கள், 41, 42, 41. படம் ஓடுகிறது. அம்மா, நிற்கவில்லைதானே?

"நிற்கவில்லை. நீதான் நடுவில் நிற்கிறாய், நகரு."