தூங்கினவர் சாட்சி செல்லுமா?

நடுவர் ஐயா அவர்களே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு இந்தக் கோயில் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் ஹட்டன் பெரியவர்களே, வணக்கம்.

மெல்ல நகரும் சுயாதீனக் குற்றப் படங்களை விமர்சகர்கள் புகழ்வது நியாயமா, மிகையா? மிகை என்றார் எதிரணி சேர். உதாரணத்துக்கு அவர் எடுத்தது ‘புளூ ரூயின்’ என்ற அமெரிக்கப் படம். “பார்த்தேன், தூங்கிவிட்டேன்” என்றதும் நல்ல கைதட்டல். தூங்கினவர் சாட்சி சொன்னால் எந்தக் கோர்ட்டில் எடுபடும், ஐயா? இத்தனைக்கும் படம் மொத்தமே 90 நிமிடம். நம்ம ஹீரோ படத்தில் இடைவேளைக்கு வடை வாங்கிக்கொண்டு வந்து உட்காருவதற்குள் முடிந்துவிடும்!

சேர் தூங்கின நேரத்தில் திரையில் என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன். பெற்றோரின் கொலைக்காகச் சிறைக்குப் போனவன் விடுதலையாகிறான். கடற்கரையோரம் ஓட்டைக் காரில் படுத்துக் கிடக்கும் மகன் பழிவாங்கக் கிளம்புகிறான். ஒரு துப்பாக்கியைத் திருடுகிறான். பார்த்தால், விசையில் பூட்டு. தட்டிப் பார்க்கிறான், திறக்கவில்லை. சரி என்று கத்தியோடு போகிறான். காரியம் முடிந்ததும், துரத்தி வந்துவிடக் கூடாதே என்று எதிரிகளின் வண்டி டயரைக் குத்துகிறான். அந்தக் குத்தில் தன் கையையே கிழித்துக்கொள்கிறான். அப்புறம் தடவிப் பார்த்தால் தன் கார்ச் சாவியைக் காணோம். தானே டயரைக் கிழித்த அந்த வண்டியில்தான் தப்பி ஓட வேண்டும்!

இதையே வேகமாகக் காட்டியிருந்தால் வெறும் சிரிப்புப் படம். இயக்குநர் ஜெரமி சோல்னியர் ஒவ்வொரு தடுமாற்றத்திலும் நம்மைக் கூடவே நிற்க வைக்கிறார். கொலை செய்யத் தெரியாதவன் கொலை செய்யப் போனால் இப்படித்தான் இருக்கும் என்று நமக்கே கை நடுங்குகிறது. விமர்சகர்கள் கண்டு சொன்னது இதைத்தான். முடிவைச் சொல்ல மாட்டேன். சேர் முழித்திருந்து பார்க்கட்டும்.

இந்தப் படத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இயக்குநர் வீட்டுச் சேமிப்பும் கடனும். அதோடு கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையவழி நிதி திரட்டும் தளத்தில் ஊர்பேர் தெரியாதவர்கள் போட்ட காசு. கதாநாயகன் அவருடைய சிறுவயதுக் கூட்டாளி மேக்கன் பிளேர். கேமராவும் இயக்குநரே. ஹட்டன் டவுனில் போஸ்டரா ஒட்டினார்கள்? தோட்டத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் தப்பு மேளம் அடித்தால்தான் கடைசி லயத்து வீடு வரைக்கும் தெரியும். இந்தப் படத்துக்குத் தப்பு அடித்தவர்கள் விமர்சகர்கள். 2013இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில், உலக விமர்சகர் கூட்டமைப்பான ஃபிப்ரெசியின் பரிசு இதற்குக் கிடைத்தது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் சேர் இதைப் பார்த்தும் இருக்க மாட்டார், தூங்கியும் இருக்க மாட்டார்.

எதைக் கண்டாலும் “உலகத்தரம்” என்று எழுதுகிற விமர்சகர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை, எதிரணியே வைத்துக்கொள்ளட்டும்.

“சனம் பார்க்காத படத்துக்கு விமர்சகர் புகழ்ச்சி எதற்கு?” என்று கேட்டார் எதிரணி டீச்சர். தமிழிலேயே பதில் இருக்கிறது. 2011இல் ‘ஆரண்ய காண்டம்’ வந்தது. தியேட்டரில் ஓடவில்லை. ஆனால் விமர்சகர்கள் விடவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்கள். சிறந்த அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் இந்தியத் தேசிய விருதுகள் படம் வெளிவருவதற்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தன. அதன் இயக்குநர் தியாகராஜன் குமாரராஜாவின் அடுத்த படம் வந்தது 2019இல். ஓடாத படம் எடுத்தவருக்காக அத்தனை வருடம் இவ்வளவு பேர் காத்திருந்தார்களே, யார் சொல்லிக் காத்திருந்தார்கள்? டீச்சர் எழுந்து அதற்கு ஒரு பதில் சொல்லட்டும், நான் உட்காருகிறேன்.