பங்கர் ஹில்: ஒரு மேட்டை இடித்துக் கட்டிய கதை

நேயர்களுக்கு வணக்கம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மையத்தில் பங்கர் ஹில் என்று ஒரு மேடு இருக்கிறது. இசை அரங்குகள், அருங்காட்சியகங்கள், வங்கிக் கோபுரங்கள் என்று நிறைந்து கிடக்கும் இடம். கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவர்கள் உலகெங்கிலுமிருந்து அதைப் பார்க்கப் போகிறார்கள். ஆனால் அங்கே நிற்கும் கட்டடங்களில் ஒன்றுகூட அந்த மேட்டின் முதல் தலைமுறையைச் சேர்ந்ததல்ல. இன்று நான் பேச விரும்புவது அந்த இரண்டு தலைமுறைகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான்.

1867-இல் ப்ருடென்ட் போட்ரி என்பவர் அந்த மேட்டு நிலத்தை ஏலத்தில் 517 டாலருக்கு வாங்கினார். தண்ணீர் ஏறாத மேடு என்பதால் யாரும் அதைச் சீந்தவில்லை. போட்ரி கீழிருந்து தண்ணீரை மேலே ஏற்ற வழி செய்தார், தெருக்கள் போட்டார், மனை பிரித்து விற்றார். அடுத்த 20, 30 ஆண்டுகளில் நகரத்துச் செல்வந்தர்கள் அங்கே குடியேறினார்கள். எல்லாம் விக்டோரிய பாணி மர வீடுகள். கூர்மாடங்கள், தெருப்பக்கம் பிதுங்கி நிற்கும் சன்னல்கள், வண்ணக் கண்ணாடிகள், வாள் பிடித்து அறுத்த மர வேலைப்பாடுகள் என்று தச்சர்களின் கைத்திறன் முழுக்க முகப்பிலேயே தெரியும்.

மேட்டில் வீடு, கீழே கடைவீதி. ஏறி இறங்க வேண்டுமே! படிக்கட்டுகள் கட்டினார்கள். 1901 டிசம்பர் 31 அன்று ஏஞ்சல்ஸ் ஃப்ளைட் என்ற குட்டி ரயிலும் ஓடத் தொடங்கியது. சரிவில் ஒரு பெட்டி ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டும் ஒரே கம்பிவடத்தில் கட்டியவை என்பதால் ஒன்றின் எடை மற்றதைத் தூக்க உதவும். சைனாய், ஆலிவெட் என்று விவிலிய மலைகளின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். கட்டணம் 1 சென்ட். என்னைக் கேட்டால், பங்கர் ஹில்லின் ஆகச் சிறந்த கட்டடக்கலை இதுதான். மேட்டையும் சமவெளியையும் ஒரே ஊராக வைத்திருந்தது இந்த இணைப்புதான்.

அப்புறம் டிராம் வந்தது, கார் வந்தது. பணக்காரர்கள் மேற்கே நகர்ந்தார்கள். மாளிகைகளைத் தடுத்து அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள், தனியாட்கள், கூலி வேலை செய்பவர்கள், பூர்வகுடி அமெரிக்கர்கள் என்று பலரும் வந்து குடியிருந்தார்கள். வாடகை குறைவு, வேலையும் கடையும் நடக்கிற தூரத்தில். 1940, 50-களில் குற்றக்கதைத் திரைப்படங்கள் பல அந்தத் தெருக்களில் எடுக்கப்பட்டன. அந்த வீடுகள் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள இன்று அந்தப் படங்களும் பழைய புகைப்படங்களும்தான் துணை.

நகர நிர்வாகம் அதைச் சீரழிந்த பகுதி என்றது. பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை, பழைய மின்கம்பிகள், தீ அபாயம் என்று குறைகள் இருந்தது உண்மைதான். ஆனால் பழுதுபார்ப்பதா இடிப்பதா என்ற கேள்விக்கு வீட்டைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை, நிதிக் கணக்கைப் பார்த்துச் சொன்னார்கள் என்பது என் கருத்து. 1949-இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதிச் சட்டப்படி, உள்ளாட்சி அமைப்பு நிலத்தை வாங்கி, இடித்துத் துப்புரவாக்கி, குறைந்த விலைக்குத் தனியாருக்கு விற்கலாம். அதனால் விழும் நட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்கும். கலிஃபோர்னியாவில் இன்னொரு வழியும் இருந்தது. புதுக் கட்டடங்களால் சொத்து வரி எவ்வளவு கூடுகிறதோ, அந்தக் கூடுதல் தொகை, இடித்துக் கட்டும் பொறுப்பிலிருந்த நகரத்தின் மறுசீரமைப்பு முகமைக்கே வரும். அப்படியென்றால் குறைந்த வாடகை வீட்டைவிட அலுவலகக் கோபுரம்தானே லாபம்! அதுவரை நகர மன்றக் கட்டடம் போன்ற விதிவிலக்குகள் தவிர வேறெதுவும் 150 அடிக்கு மேல் எழ முடியாது. 1950-களின் பிற்பகுதியில் அந்த வரம்பும் நீங்கியது. 1959-இல் திட்டம் ஒப்புதல் பெற்றது.

ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகளோடு நிற்கவில்லை, மேட்டையே வெட்டித் தணித்தார்கள். மேட்டின் பெயரைத் தாங்கிய தெருவே அங்கே இல்லாமல் போனது. கிராண்ட் அவென்யூவை இரண்டு அடுக்காக்கினார்கள், கீழ் அடுக்கு சுரங்கம்போல் ஓடுகிறது. 1969 மே மாதம் ஏஞ்சல்ஸ் ஃப்ளைட் நின்றது. கடைசியாக எஞ்சிய இரண்டு விக்டோரிய வீடுகளை, 'காசில்', 'சால்ட் பாக்ஸ்' என்று அழைப்பார்கள், காப்பாற்றி வேறிடத்துக்கு நகர்த்தி வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் யாரோ தீ வைத்து இரண்டும் சாம்பலாயின. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இடித்த வேகத்தில் கட்டவில்லை. பல மனைகள் பல்லாண்டுகள் கார் நிறுத்துமிடங்களாகவே கிடந்தன. முதியோருக்கான குறைந்த வாடகைக் குடியிருப்பான ஏஞ்சலஸ் பிளாசா 1980-களின் தொடக்கத்தில்தான் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், நல்ல காரியம். ஆனால் 20 ஆண்டுகளுக்கு முன் வெளியேற்றப்பட்ட முதியவர்களுக்கு அது எட்டியிருக்காது.

பின்னால் வந்த கட்டடங்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஜப்பானியக் கட்டடக்கலை வல்லுநர் அராட்டா இசோசாகி 1986-இல் கட்டிய சமகாலக் கலை அருங்காட்சியகத்தின் மேனி முழுக்க நம் இந்தியச் செம்மணற்கல். கட்டடக்கலை வல்லுநர் ஃப்ராங்க் கேரியின் டிஸ்னி இசை அரங்கம் 2003-இல் திறந்தது. 1987-இல் வால்ட் டிஸ்னியின் மனைவி லிலியன் டிஸ்னி கொடுத்த 5 கோடி டாலரில் தொடங்கிய வேலை. முதலில் கல்லில் யோசித்து, பிறகு துருவேறா எஃகுக்கு மாறினார்கள். பளபளப்பான ஒரு வளைவுப் பகுதி வெயிலைக் குவித்து அக்கம்பக்கத்தைச் சுட்டதால் 2005-இல் அதைத் தேய்த்து மங்கலாக்க வேண்டியிருந்தது. உள்ளே இசை கேட்க அருமையான அரங்கு. ஆனால் இந்தக் கட்டடங்களுக்கு இடையில் நடந்து பாருங்கள், அகலச் சாலை, நிறுத்துமிட வாயில், உயரத்தில் நடைபாலம் என்றுதான் பெரும்பகுதி. இசை அரங்குக்கு எதிரே இருந்த மனையில் கேரியே வடிவமைத்த வீடுகளும் கடைகளும் விடுதியும் 2022-இல் திறந்தன. 1959 திட்டத்தைத் தொடங்கிய முகமை 2012-லேயே கலைக்கப்பட்டுவிட்டது.

ஏஞ்சல்ஸ் ஃப்ளைட்டை 1996-இல், பழைய இடத்துக்குச் சற்றுத் தெற்கே, மீண்டும் நிறுவினார்கள். 2001-இல் உயிர்ப்பலி வாங்கிய ஒரு விபத்து, நீண்ட மூடல்கள் எல்லாம் கடந்து 2017 முதல் மறுபடி ஓடுகிறது. அந்த ஊருக்குப் போகிற நேயர்கள் காரில் நேராக மேலே போய் இறங்காதீர்கள். 1917-இலிருந்து இயங்கும் கிராண்ட் சென்ட்ரல் சந்தையிலிருந்து வெளியே வந்து, தெருவைக் கடந்து, அந்தப் பெட்டியில் ஏறி மேலே போங்கள். மேட்டின் சரிவு எவ்வளவு என்பது அப்போதுதான் பிடிபடும்.

நன்றி, வணக்கம்.