போரை முடிவு செய்தவர்களும் போருக்குப் போனவர்களும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் உள்நாட்டு வன்முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி உரிமையிலிருந்து தொடங்குகிறார்கள். அந்நாடு வெளியே சென்று நடத்தும் போர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எண்ணெயிலிருந்தோ வல்லரசுப் போட்டியிலிருந்தோ தொடங்குகிறார்கள். அங்குள்ள இளைஞர்களின் மனக்குறையைப் பற்றிப் பேச வந்தால் கல்விக் கடனும் வீட்டு வாடகையும் முன்னே வந்து நிற்கின்றன. இவை மூன்றும் தனித்தனிக் கதைகள் அல்ல என்பதை எனக்குப் புரிய வைத்தது ஒரே ஒரு நாள். 1970 மே 4, திங்கட்கிழமை நண்பகல், ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் நகரில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் நடந்ததைத்தான் இன்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஆறு ஆண்டுகள் பின்னே போக வேண்டும். 1964 ஆகஸ்ட் தொடக்கத்தில், வட வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டதாக வாஷிங்டன் அறிவித்தது. அவற்றில் இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிற்காலத்தில் வெளியான அரசு ஆவணங்களாலேயே உறுதியாகிவிட்டது. ஆனால் அன்று எவரும் நின்று விசாரிக்கவில்லை. ஆகஸ்ட் 7 அன்று, குடியரசுத் தலைவர் ஜான்சன் விரும்பியபடி படையைப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416 வாக்குகளுடன், எதிர்ப்பு ஒன்றுகூட இல்லாமல் நிறைவேறியது. செனட்டில் 88 பேர் ஆதரிக்க, மோர்ஸ், குரூனிங் என்ற இருவர் மட்டுமே எதிர்த்தார்கள். முறையான போர்ப் பிரகடனம் அன்றும் இல்லை, அதற்குப் பின்னும் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் கடைசியாகப் போர்ப் பிரகடனம் செய்தது 1942இல்.

அந்தத் தீர்மானம் நிறைவேறிய நாளில், பின்னாளில் கென்ட்டில் சுடப்பட்டு இறந்த நால்வரும் பள்ளிப் பிள்ளைகள். இறந்தபோது இருவருக்கு வயது 19, இருவருக்கு 20. அன்றைய சட்டப்படி வாக்களிக்கும் வயது 21. தங்கள் தலைமுறையை வியட்நாமுக்கு அனுப்பிய ஒருவரையும் தேர்ந்தெடுக்கவோ தோற்கடிக்கவோ அந்த நால்வரில் எவருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. முடிவெடுக்கிறவர் ஒருவர், அதன் விலையைக் கொடுக்கிறவர் இன்னொருவர் என்றாகும்போது கொடுக்கிறவர் மனத்தில் என்ன எழும் என்பதுதான் இந்தக் கதை முழுவதும் நான் தேடுவது.

விலை எவ்வாறு வசூலிக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். வியட்நாம் ஆண்டுகளில் சுமார் 22 லட்சம் இளைஞர்கள் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டார்கள். கல்லூரியில் படிப்பவருக்கு ஒத்திவைப்பு உண்டு. ஆகவே கல்லூரிக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தான். முடியாத வீட்டுப் பிள்ளை காட்டில் இருந்தான். இந்த அநீதியை ஓரளவு சரிசெய்வதற்காகவே 1969 டிசம்பர் 1 அன்று குலுக்கல் முறை வந்தது. ஆண்டின் 366 தேதிகளும் சிறு நீலப் பிளாஸ்டிக் உறைகளில் அடைக்கப்பட்டு ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் இடப்பட்டன. தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்தவர்களுக்கு அழைப்பு முதலில் வரும். உறைகளைச் சரியாகக் கலக்காததால் ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள்மீது சுமை கூடுதலாக விழுந்ததைப் புள்ளியியல் அறிஞர்கள் பின்னர் எடுத்துக் காட்டினார்கள். ஒரு தாய் தன் மகனின் பிறந்தநாள் உறையிலிருந்து வெளிவருகிறதா என்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்த இரவு அது. அப்படி ஓர் இரவை அனுபவித்த வீடுகளில் அரசைப் பற்றிய பேச்சு மறுநாள் காலை பழையபடி இருந்திருக்க முடியாது.

1968 தேர்தலில் போரைக் கௌரவமாக முடிப்பேன் என்று சொல்லி வென்ற நிக்சன், 1970 ஏப்ரல் 30 இரவு தொலைக்காட்சியில் தோன்றி, வரைபடத்தைச் சுட்டிக் காட்டி, அமெரிக்கப் படைகள் கம்போடியாவுக்குள் செல்வதாக அறிவித்தார். முடியப் போகிறது என்று நம்பவைக்கப்பட்ட போர் இன்னொரு நாட்டுக்குள் பரவியது. மறுநாள், வளாகங்களில் கலகம் செய்யும் மாணவர்களைப் பொறுக்கிகள் என்ற பொருள்பட அவர் பேசினார். கென்ட்டில் அன்றிரவு கடைவீதியில் கண்ணாடிகள் நொறுங்கின. சனிக்கிழமை இரவு வளாகத்தில் இருந்த ராணுவப் பயிற்சிக் கட்டடம் எரிந்தது. ஞாயிறு அன்று வந்த ஆளுநர் ரோட்ஸ், இந்தக் கலகக்காரர்கள் ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படையினரைவிட மோசமானவர்கள் என்று பத்திரிகையாளர்களிடம் மேசையைத் தட்டிப் பேசினார். கண்ணாடி உடைத்தவர்களையும் தீ வைத்தவர்களையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பதவியில் இருப்பவர்கள் வாயிலிருந்து வரும் சொல் வெறும் சொல்லோடு நிற்பதில்லை. அது துப்பாக்கி ஏந்தி நிற்பவன் காதில் அனுமதியாக விழுகிறது.

அந்தத் துப்பாக்கி ஏந்தி நின்றவர்கள் யார்? பலரும் கவனிக்கத் தவறும் இடம் இது. கலகத்தை அடக்க வரவழைக்கப்பட்ட ஒஹாயோ தேசியக் காவல்படையில், அதாவது மாநிலத்தின் பகுதிநேரப் படையில், பலர் மாணவர்களின் வயதை ஒட்டிய இளைஞர்கள். அந்நாளில் அப்படையில் சேருவது வியட்நாமுக்குப் போகாமல் தப்பிக்க ஒரு வழி என்பது நாடறிந்த செய்தி. லாரி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தக் காவல் பணியிலிருந்து நேரே இங்கே கொண்டுவரப்பட்டதால் அவர்கள் உறக்கமின்றிக் களைத்திருந்தார்கள். கையில் இருந்தவை போர்க்களத்துக்கான எம்-1 துப்பாக்கிகள். உள்ளே இருந்தவை உண்மையான தோட்டாக்கள். ஒரே போரிலிருந்து தப்ப இரு வழிகளைத் தேடிய ஒரே தலைமுறையினர் ஒரு புல்வெளியின் இரு பக்கங்களில் நின்றார்கள். அந்தப் போரை முடிவு செய்தவர்கள் ஒருவரும் அங்கே இல்லை.

நண்பகலில் தடையை மீறிக் கூட்டம் கூடியது. கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. சில மாணவர்கள் கல்லெறிந்தார்கள், வசை பாடினார்கள். காவல்படையினர் ஒரு சிறு குன்றின் மேல் ஏறி, மறுபுறம் இறங்கி, மீண்டும் மேலேறினார்கள். 12:24 மணிக்கு, குன்றின் உச்சியில், அவர்களில் 28 பேர் திரும்பி நின்று சுட்டார்கள். 13 வினாடிகளில் 60க்கும் மேற்பட்ட குண்டுகள். நான்கு பேர் இறந்தார்கள். ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் மிக அருகில் இருந்தவரே சுமார் 265 அடி தொலைவில் இருந்தார். அத்தனை தூரத்திலிருந்து ஒருவன் எறியும் கல் உயிருக்கு ஆபத்தாக இருந்தது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இறந்த மாணவிகளில் ஒருவர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். இறந்த மாணவர்களில் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் ராணுவப் பயிற்சி பெற்றுவந்தவர். சுட்ட பின்னும் மாணவர்கள் கலையாமல் கொதித்து நின்றபோது, ஒரு நிலவியல் பேராசிரியர் குரல் உடைந்து அழுது மன்றாடி அவர்களைக் கலைத்ததால்தான் இன்னொரு படுகொலை தவிர்ந்தது. இறந்த ஒரு பெண்ணின் தந்தை, தன் மகள் பொறுக்கி அல்ல என்று தொலைக்காட்சியில் சொன்னார். அந்தச் சொல் யாருக்குப் பதில் என்று கேட்டவர் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு இன்னும் கடினமாக இருக்கிறது. கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 58 விழுக்காட்டினர் மாணவர்கள் மீதே குற்றம் என்றார்கள்; காவல்படை மீது குற்றம் என்றவர்கள் 11 விழுக்காடு. மே 8 அன்று நியூயார்க்கில், இறந்தவர்களுக்காக நகர மன்றத்தில் அரைக்கம்பத்தில் பறந்த கொடியை மேலேற்றச் சொல்லிக் கட்டடத் தொழிலாளர்கள் கூட்டமாக வந்து மாணவர்களை அடித்தார்கள். சுமார் 70 பேர் காயமடைந்தார்கள். அந்தத் தொழிலாளர்களைப் பிற்போக்கர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்குவது எளிது. அவர்களுடைய பிள்ளைகள்தான் வியட்நாமில் இருந்தார்கள். கல்லூரிப் படிப்பால் தப்பித்தவன் வீதியில் நின்று போரைத் திட்டும்போது, தப்பிக்க வழியில்லாதவனின் தகப்பனுக்கு அது தன் மகனைத் திட்டுவதாகவே கேட்டது. தலைமுறைப் பிளவு என்று நாம் சொல்வதற்குள் ஒரு வர்க்கப் பிளவும் இருந்தது. அதை வெள்ளை மாளிகை நன்றாகப் புரிந்துகொண்டது. அந்தத் தொழிலாளர்களின் போர் ஆதரவு ஊர்வலத்தை முன்னின்று நடத்திய தொழிற்சங்கத் தலைவர் பீட்டர் பிரென்னன் 1973இல் நிக்சனின் தொழிலாளர் நலச் செயலர் ஆனார்.

நிறப் பிளவும் இருந்தது. கென்ட் நடந்து பதினோரு நாளில், மே 15 நள்ளிரவு கடந்த நேரத்தில், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் கல்லூரியில் போலீசார் மாணவியர் விடுதியை நோக்கிச் சுட்டார்கள். இரண்டு கறுப்பு இளைஞர்கள் இறந்தார்கள். ஒருவர் இன்னும் பள்ளி முடிக்காத சிறுவன். வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவன். அதற்கும் இரண்டு ஆண்டுகள் முன், 1968 பிப்ரவரியில், தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்க்கில் மூன்று கறுப்பு மாணவர்கள் இவ்வாறே சுடப்பட்டு இறந்தார்கள். கென்ட்டின் படம் உலகெங்கும் போனது. மற்ற இரண்டு இடங்களின் பெயரும் அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது.

இளைஞர்கள் பக்கம் மட்டும் நின்று பேசுவது நேர்மையாகாது. அதே 1970 மார்ச்சில் நியூயார்க்கின் ஒரு வீட்டில், ராணுவத்தினரின் நடன விருந்தில் வைப்பதற்கென்று குண்டு தயாரித்த தீவிரவாத இளைஞர்கள் மூவர் அந்தக் குண்டு வெடித்தே இறந்தார்கள். ஆகஸ்ட் 24 அதிகாலை, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராணுவத்துக்கான கணித ஆய்வு மையம் இருந்த கட்டடத்தை நால்வர் வெடிக்கச் செய்தார்கள். இறந்தவர் அந்த மையத்துக்கே தொடர்பில்லாத 33 வயது இயற்பியல் ஆய்வாளர், மூன்று குழந்தைகளின் தந்தை. போரை நிறுத்தக் கிளம்பியவர்கள் போரின் கணக்கு முறையையே கற்றுக்கொண்டிருந்தார்கள்: இலக்கு முக்கியம், உள்ளே யார் இருக்கிறார் என்பது முக்கியமல்ல.

இந்தக் கற்றலை முன்கூட்டியே கண்டவர் மார்ட்டின் லூதர் கிங். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் அவர் பேசியபோது, சேரிகளில் கோபத்தோடு இருக்கும் இளைஞர்களிடம் வன்முறை வேண்டாம் என்று தாம் சொன்னால், வியட்நாமில் நம் அரசே அதைத்தானே செய்கிறது என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள் என்றார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் அவர்களை இனி அறிவுறுத்த முடியாது என்றும் சொன்னார். பெரிய பத்திரிகைகள் அவரைக் கண்டித்தன. சரியாக ஓராண்டு கழித்து, அதே தேதியில், மெம்ஃபிஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கென்ட்டில் சுட்டதற்காக எவரும் சிறை செல்லவில்லை. குடியரசுத் தலைவர் அமைத்த ஸ்கிராண்டன் ஆணையம் அந்தத் துப்பாக்கிச் சூடு தேவையற்றது, மன்னிக்க முடியாதது என்று எழுதியது. ஆனால் யார்மீது வழக்குத் தொடுப்பது என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான ஒஹாயோவின் பெருநடுவர் குழு குற்றம் சாட்டியது மாணவர்களையும் ஆசிரியர் ஒருவரையும் உள்ளிட்ட 25 பேரை. 1979இல்தான் குடும்பங்களுக்கும் காயமடைந்தவர்களுக்கும் சேர்த்து 6,75,000 டாலர் தரப்பட்டு, காவல்படையினர் கையெழுத்திட்ட ஒரு வருத்தக் குறிப்பு கிடைத்தது.

இரண்டு மாற்றங்கள் வந்தன. வாக்களிக்கும் வயதை 18 ஆக்கும் 26ஆவது சாசனத் திருத்தம் 1971 மார்ச்சில் காங்கிரஸில் நிறைவேறி, ஜூலை 1 அன்று மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றது. வேறெந்தத் திருத்தமும் இவ்வளவு விரைவில் ஏற்கப்பட்டதில்லை. மேற்கு வர்ஜீனியாவின் ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப் இதை முதன்முதலில் முன்மொழிந்தது 1942இல் என்பதை நினைத்தால், அந்த விரைவுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது புரியும். மற்றொன்று, 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு முடிந்தது. முதலாவதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். இரண்டாவதைப் பற்றி எனக்குக் கலக்கம் உண்டு. யாரையும் கட்டாயப்படுத்திப் போருக்கு அனுப்பக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நாளோடு போர் பெரும்பாலான வீடுகளின் வாசலைவிட்டு விலகிப் போயிற்று. இன்று படையில் பணிபுரிவோர் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 2001 செப்டம்பரில் படையைப் பயன்படுத்த அனுமதி கேட்டபோது பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரித்தார்கள். பார்பரா லீ ஒருவர் மட்டும் எதிர்த்தார். டோன்கின் தீர்மானத்தையாவது இரு அவைகளிலும் சேர்த்து இருவர் எதிர்த்தார்கள்; இம்முறை ஒருவரே! ஆப்கானிஸ்தான் போர் இருபது ஆண்டுகள் நடந்தது. அது தொடங்கிய பின் பிறந்த பிள்ளைகளே அங்கு போய்ப் போரிடும் வயதை அடைந்தார்கள்.

போரை வாசலில் பார்க்காத நாட்டுக்குள் அதன் மொழி வேறு வழியில் நுழைகிறது. 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற டிமத்தி மெக்வே, ஈராக்குக்கு எதிரான வளைகுடாப் போரில் பதக்கம் பெற்ற படைவீரன். இறந்தவர்களில் 19 பேர் குழந்தைகள். அவர்களைப் பற்றிக் கேட்டபோது, போரில் குடிமக்கள் சாகும்போது தளபதிகள் சொல்லும் 'பக்கச் சேதம்' என்ற சொல்லையே அவன் பயன்படுத்தினான். அதற்காக இன்று அங்கு நடக்கும் ஒவ்வொரு அரசியல் கொலையையும் போரின் கணக்கில் எழுதுவது சரியல்ல. அவ்வாறு எழுதினால் கொலை செய்தவனின் பொறுப்பு கரைந்து போகும். ஆனால் அந்தச் சொல் அவன் கண்டுபிடித்தது அல்ல.

2024இல் காஸா போருக்கு அமெரிக்கா ஆயுதம் தருவதை எதிர்த்து மாணவர்கள் வளாகங்களில் கூடாரமிட்டபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹாமில்டன் கட்டடத்துக்குள் போலீசார் நுழைந்த நாள் ஏப்ரல் 30. வியட்நாம் போர்க்காலப் போராட்டத்தில் அதே கட்டடத்தில் இருந்த மாணவர்களை 1968இல் போலீசார் வெளியேற்றியதும் ஏப்ரல் 30. இம்முறை எவரையும் கட்டாயமாகப் படைக்கு அழைக்கவில்லை. தம் உயிருக்கு ஆபத்தில்லாதபோதும் அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர்களுடைய முழக்கங்கள் சிலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. யூத மாணவர்கள் சிலர் அஞ்சி வாழ்ந்ததையும் மறைக்கக் கூடாது. ஆயினும் தங்கள் பெயரால் செய்யப்படும் கொலைக்குத் தங்கள் ஒப்புதல் கேட்கப்பட்டதா என்ற கேள்வி 1970இல் கேட்கப்பட்ட அதே கேள்விதான்.

கென்ட்டில் அந்த நால்வர் விழுந்த இடம் ஒரு வாகன நிறுத்துமிடம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த இடங்களின் மேல் கார்கள் வந்து நின்றன, போயின. 1999இல்தான், பலர் வற்புறுத்தியதன் பேரில், பல்கலைக்கழகம் அந்த நான்கு இடங்களையும் அடைத்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் சிறு விளக்குத் தூண்களை நட்டது. மற்ற இடங்களில் இன்றும் கார்கள் நிற்கின்றன. அந்த நான்கு இடங்களில் மட்டும் எவரும் வண்டியை நிறுத்துவதில்லை.