வீடு கொடுங்கள், விழாவை அவர்கள் எடுப்பார்கள்

(பல்கலைக்கழக ஆப்பிரிக்க மாணவர் சங்கத்தின் கலைவிழாவில் ஆற்றிய உரை)

மாண்பமை துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய அயல்நாட்டு மாணவர் நலப் பேராசிரியர் அவர்களே, நைஜீரியா, எத்தியோப்பியா, தான்சானியா, ருவாண்டா கொடிகளோடு நிற்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். துணைவேந்தர் ஐயா பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன். பார்ப்பேனா என்பது வேறு விஷயம்.

உணவு, இசை, இருப்பிடம் என்று மூன்றைப் பற்றிப் பேசப்போகிறேன்.

முதலில் உணவு. வெளியே ஜோலோஃப் சோறு வைத்திருக்கிறார்கள். தக்காளி, வெங்காயம், மிளகாய் அரைத்த விழுதில் அரிசியை வேகவைப்பது. லேசாக அடிப்பிடித்துப் புகைவாசம் ஏறினால்தான் ருசியாம். நைஜீரியா ஜோலோஃபா, கானா ஜோலோஃபா என்று இரண்டு நாட்டாருக்கும் தீராத வழக்கு. தீர்ப்புச் சொல்லி அடி வாங்க நான் தயாரில்லை.

இசை அப்புறம். இருப்பிடத்துக்கு வருகிறேன்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன் என்று என் வீட்டிலேயே கேலி. இந்தப் பிள்ளைகள் மூன்று, நான்கு வருடம் இருக்க வந்தவர்கள். நாமோ ஒரு சாயங்காலம் கைதட்டி அனுப்பிவிடுகிறோம்.

லண்டன் கதை ஒன்று. லடிப்போ சோலங்கே நைஜீரியாவின் அபியோகுட்டா ஊர்க்காரர். சட்டம் படிக்க லண்டன் போனவர். 1925 ஆகஸ்டில், சியரா லியோன் டாக்டர் பாங்கோலே பிரைட்டோடு சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கத்தைத் தொடங்கினார். கூட்டம் போட்டார்கள், பத்திரிகை நடத்தினார்கள், எல்லாம் சரி. தங்க இடம்? கறுப்பு மாணவன் என்றால் பல வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? 1929இல் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போய், ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1932இல்தான் லண்டன் திரும்பினார். மறுவருடம் கேம்டன் ரோட்டில் சங்கத்துக்கு விடுதி! நிர்வாகம் அவர் மனைவி ஒபியோலு. வேர்க்கடலைக் குழம்பும் ஜோலோஃபும் அங்கே கிடைத்தன. பிரிட்டிஷ் அரசின் காலனி ஆட்சித்துறை சும்மா இருக்குமா? 1934இல் அதன் ஆதரவில் ஆக்ரி ஹவுஸ் என்று போட்டி விடுதி வந்தது. எங்களைக் கண்காணிக்கத்தானே என்று சங்கம் அதைப் புறக்கணித்தது. 1945இல் லண்டன் வந்த குவாமே நுக்ருமா இந்தச் சங்கத்தில் துணைத் தலைவரானார். 1957இல் கானா விடுதலை பெற்றபோது பிரதமர் அவர்தான்.

அதனால்தான் சொல்கிறேன், விருந்தும் மருந்தும் மூன்று நாள்; அதற்குமேல் தங்க வீடு வேண்டும். நம் ஊரில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கும் வீட்டில் இந்தப் பிள்ளைகள் போய்க் கேட்டால், பலகை அங்கேயே தொங்க, வீடு மட்டும் போய்விடுகிறது. கொடுப்பவரும் இரண்டு மடங்கு முன்பணம் கேட்கிறார். இங்கே முன்வரிசையில் சொந்த வீட்டுக்காரர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், சங்கடம்.

துணைவேந்தர் ஐயாவிடம் என் கோரிக்கை: விடுதியில் இவர்களே சமைத்துக்கொள்ள ஒரு சமையலறை, சங்கத்துக்கென்று பூட்டுச் சாவியோடு ஓர் அறை. நகராட்சித் தலைவர் அம்மா, முன்பண விஷயத்தில் வீட்டுக்காரர்களை அழைத்து நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். இசையைப் பற்றி நான் பேசுவதைவிட அவர்கள் வாசிப்பதே நல்லது. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மாடி காலியாக இருப்பவர்கள் பெயரும் தெருவும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். நன்றி, வணக்கம்.